டிப்ஸ்: இனாமா, சம்பளமா?

போன மே மாதம் பெரியப்பா மகள் அக்காவும் அத்தானும் அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்திருந்தார்கள். ஒருநாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. எல்லோரும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது அத்தான் ஒரு கதை சொன்னார்.

அவர் டெக்சாஸுக்குப் போன புதிதில் நண்பர்கள் நாலு பேராக ஒரு ஓட்டலுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். பில் 80 டாலர். நம் ஊர்ப் பழக்கத்தில் மேசை மேல் இரண்டு டாலரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் பரிமாறிய பெண் பின்னாலேயே ஓடி வந்து, "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாளாம். கோபமாகக் கேட்கவில்லையாம், அழுதுவிடுவாள் போல இருந்ததாம்.

"எனக்கு அப்ப ஒண்ணும் புரியலடா தம்பி. சும்மா ரெண்டு டாலர் கொடுத்திருக்கோம், நன்றி சொல்றத விட்டுட்டு கேள்வி கேக்குறாளேன்னுதான் நினைச்சேன். அவளுக்கு முதலாளி கொடுக்கிற சம்பளம் மணிக்கு ரெண்டேகால் டாலர்கூட இல்லைன்னு அப்புறம்தான் ஒருத்தர் சொன்னார்" என்றார் அத்தான்.

நான் நம்பவில்லை. அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அதற்குக் கீழே எப்படிக் கொடுக்க முடியும்? சட்டம் விடுமா? "சட்டமே அப்படித்தாண்டா" என்றார். கரண்ட் வந்ததும் தேட ஆரம்பித்தேன். ஒரு வாரம் இதே வேலையாகப் போய்விட்டது. செமஸ்டர் பரீட்சைக்கு இவ்வளவு படித்திருந்தால் அம்மா சந்தோஷப்பட்டிருப்பார் :-)

முதலில் ஒரு கட்டுக்கதை

டிப் என்பது 'டூ இன்ஷ்யூர் ப்ராம்ப்ட்னெஸ்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து என்று ஒரு கதை வாட்ஸப்பில் சுற்றுகிறது. வேலை சீக்கிரம் நடக்க முன்கூட்டியே கொடுக்கும் காசு என்று அர்த்தம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருடர்களும் நாடோடிகளும் பேசிய குழூஉக்குறியில் 'டிப்' என்றால் 'கொடு' என்று பொருள். அங்கிருந்து மெல்ல மெல்லப் பொதுப் பேச்சுக்கு வந்த சொல் அது.

பழக்கமும் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். ஆனால் அது ஓட்டலில் தொடங்கவில்லை, பெரிய மனிதர்கள் வீட்டில் தொடங்கியது. 18-ம் நூற்றாண்டில் ஒரு பிரபு வீட்டுக்கு விருந்துக்குப் போனால், கிளம்பும்போது வேலைக்காரர்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். தொப்பி எடுத்துக் கொடுத்தவர், குதிரையைப் பிடித்தவர், பரிமாறியவர் என்று ஒவ்வொருவர் கையிலும் காசு வைக்க வேண்டும். இதற்கு 'வெய்ல்ஸ்' என்று பெயர். இந்த வரும்படியை நம்பித்தான் வேலைக்காரர்கள் குறைந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். விருந்துக்குப் போனால் செலவு கையைக் கடிக்கிறது என்று விருந்தாளிகள் புலம்ப, 1760-களில் கனவான்கள் கூடி இந்த வழக்கத்தை ஒழிக்கப் பார்த்தார்கள். 1764-ல் லண்டனில் வேலைக்காரர்கள் கலாட்டாவே செய்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சம்பளத்தைச் சரியாக உயர்த்தாமல் இனாமை மட்டும் நிறுத்தினால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்: இனாம் வருகிறது என்பதால் சம்பளம் குறைகிறது. பின்னால் வரும் கதை முழுக்க இதுதான்.

அமெரிக்கா முதலில் வெறுத்தது

இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக டிப்ஸ் கொடுக்கும் நாடு அமெரிக்கா. ஆனால் ஆரம்பத்தில் அங்கே அதற்குப் பலத்த எதிர்ப்பு இருந்திருக்கிறது. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு பணக்கார அமெரிக்கர்கள் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போய்வந்தார்கள். அங்கே பார்த்த டிப்ஸ் பழக்கத்தை ஊருக்கு எடுத்து வந்து பெருமை காட்டினார்கள். சாதாரண ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. ராஜா, பிரபு எல்லாம் வேண்டாம் என்றுதானே தனி நாடு கண்டோம், இப்போது ஒருவன் கை நீட்டவும் இன்னொருவன் காசு போடவும் பழகினால் சமத்துவம் எங்கே என்று கேட்டார்கள். 1916-ல் வில்லியம் ஸ்காட் என்பவர் டிப்ஸை எதிர்த்தே 'தி இட்சிங் பாம்' என்று ஒரு புத்தகம் எழுதினார். தலைப்புக்கு 'அரிக்கும் உள்ளங்கை' என்று அர்த்தம்.

புத்தகத்தோடு நிற்கவில்லை. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்குத் தடைச் சட்டமே போட்டது. பிறகு மிசிசிப்பி, ஆர்கன்சா, அயோவா, தென் கரோலினா, டென்னசி என்று மொத்தம் ஆறு மாநிலங்கள். ஆனால் எங்கேயும் இந்தச் சட்டம் நிலைக்கவில்லை. ஓட்டலுக்குள் யார் யாருக்குக் காசு கொடுத்தார் என்று போலீஸ் எப்படிப் பார்க்கும்? 1919-ல் அயோவா சட்டம் செல்லாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 1926-க்குள் ஆறு சட்டங்களும் போய்விட்டன.

சட்டம் தோற்றதற்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு. டிப்ஸ் இருப்பதில் முதலாளிகளுக்கு லாபம் இருந்தது.

ரயிலில் ஏறிய 'ஜார்ஜ்'

போர் முடிந்ததும் 1865-ல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் விடுதலை ஆனார்கள். கையில் நிலமில்லை, காசில்லை, பெரும்பாலான வேலைகளில் அவர்களைச் சேர்க்கவும் மாட்டார்கள். ஓட்டல், ரயில் போன்ற சில இடங்கள் மட்டும் திறந்திருந்தன. அங்கேயும் பல இடங்களில் சம்பளம் சொற்பம், வாடிக்கையாளர் கொடுப்பதை வைத்துத்தான் வயிறு கழுவ வேண்டும்.

இதற்குப் பெரிய உதாரணம் புல்மன் கம்பெனி. ஜார்ஜ் புல்மன் என்பவர் 1867-ல் தொடங்கிய இந்தக் கம்பெனி, ரயிலில் சொகுசுப் படுக்கைப் பெட்டிகளை ஓட்டியது. பயணிகளுக்குப் படுக்கை விரிக்க, பெட்டி தூக்க, பூட்ஸ் துடைக்க விடுதலையான அடிமைகளை வேலைக்கு எடுத்தார். பயணிகள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பெயர், 'ஜார்ஜ்'. அடிமையை எஜமானன் பெயரால் கூப்பிடுவது அந்த ஊர்ப் பழைய வழக்கம். அதே வாடை.

1915-ல் அமெரிக்க அரசு அமைத்த தொழில் உறவுகள் ஆணையம் இந்தக் கம்பெனியை விசாரித்தது. அப்போது ஒரு போர்ட்டருக்கு மாதச் சம்பளம் 27.50 டாலர். மீதி பயணிகள் கையில். பயணிகளின் பூட்ஸுக்குப் போடும் பாலிஷைக்கூடப் போர்ட்டரே தன் காசில் வாங்க வேண்டும். ஆணையத்தின் முன் சாட்சி சொல்ல வந்த கம்பெனித் தலைவர் யார் தெரியுமா? ராபர்ட் லிங்கன். அடிமை முறையை ஒழிக்கப் போராடிய ஆபிரகாம் லிங்கனின் சொந்த மகன்! இதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தப் போர்ட்டர்கள் அப்படியே கிடந்துவிடவில்லை. 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு வருடம் போராடி 1937-ல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். சம்பளம் உயர்ந்தது, வேலை நேரம் மாதம் 240 மணியாகக் குறைந்தது. அதாவது கேட்டு வாங்கியது டிப்ஸை அல்ல, சம்பளத்தை.

சட்டத்துக்குள் புகுந்த கதை

அடுத்த வருடமே, 1938-ல், அமெரிக்காவின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் முதல் முறையாகக் குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 25 சென்ட். ஆனால் ஓட்டல், விடுதித் தொழிலாளர்கள் அந்தச் சட்டத்தில் சேரவில்லை. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும்கூட வெளியேதான் நின்றார்கள்.

1942-ல் இன்னொரு அடி. ஜாக்சன்வில் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர்களின் வழக்கில், பயணிகள் கொடுக்கும் டிப்ஸையும் குறைந்தபட்சக் கூலியில் சேர்த்துக் கணக்குக் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

1966-ல் சட்டத்தைத் திருத்தி ஓட்டல் தொழிலாளர்களைச் சேர்த்தார்கள். சேர்க்கும்போதே ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். அதன் பெயர் 'டிப் கிரெடிட்'. குறைந்தபட்சக் கூலியில் பாதிவரை டிப்ஸிலிருந்து வந்தால் போதும், மீதிப் பாதியை முதலாளி கொடுத்தால் போதும் என்று அர்த்தம். ஒரு டாலர் கூலி என்றால் முதலாளி பங்கு 50 சென்ட்.

1991-ல் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலர். அதில் பாதி 2.13. சரி, அந்த வருடம் பாதிக்குப் பாதி. 1996-ல் என்ன செய்தார்கள் என்றால், பொதுக் கூலியை உயர்த்திவிட்டு, டிப்ஸ் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டியதை மட்டும் 2.13 என்ற எண்ணிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு 2009-ல் பொதுக் கூலி 7.25 ஆனது. 2.13 அப்படியே நிற்கிறது. இன்றுவரை! என் வகுப்பில் யாரும் பிறப்பதற்கு முன்னால் வைத்த சம்பளம். விலைவாசி அதற்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பாதி என்று தொடங்கிய முதலாளி பங்கு இப்போது முப்பது சதவீதம்கூட இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

வணிகவியல் மாணவன் கணக்குப் போடாமல் விடலாமா? ஒரு சர்வர் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக் கொள்வோம்.

சட்டப்படி கிடைக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி: 40 x 7.25 = 290 டாலர்
முதலாளி கையிலிருந்து: 40 x 2.13 = 85.20 டாலர்
இடைவெளி: 204.80 டாலர்

இந்த 204.80-க்கு டிப்ஸ் வரவில்லை என்றால் குறைவதை முதலாளி ஈடுகட்ட வேண்டும். அதுவும் சட்டம்தான். ஆகவே 'சர்வர் பட்டினி கிடக்க மாட்டார், 290 எப்படியும் வரும்' என்று வாதம் செய்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அந்த வாரம் டிப்ஸே வரவில்லை. சர்வருக்கு 290, முதலாளிக்குச் செலவு 290. அடுத்த வாரம் 204.80 டிப்ஸ் வருகிறது. சர்வருக்கு அப்போதும் 290தான். முதலாளிக்குச் செலவு 85.20 மட்டும். அப்படியானால் வாடிக்கையாளர்கள் போட்ட 204.80 யாருக்குப் போனது? சர்வர் பையில் ஒரு சென்ட் கூடவில்லை. முதலாளியின் சம்பளச் செலவுதான் குறைந்தது. டிப்ஸ் 204.80-ஐத் தாண்டிய பிறகு வருவதுதான் உண்மையில் அவருக்கு இனாம். அதுவரை வருவது, நாம் முதலாளிக்குச் செய்யும் உதவி.

இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

என் அனுபவம்

எங்கள் காலேஜில் பாதிப் பேர் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போவோம். நானும் போவேன். காலை டிபனும் மதியச் சாப்பாடும் பரிமாறினால் 500 ரூபாய். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாத்தா, பந்தி முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டு, "பசங்களா, முகம் சுளிக்காம போட்டீங்கப்பா" என்று ஆயிரம் ரூபாய் கொடுத்தார். பத்துப் பேர், ஆளுக்கு நூறு. அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் காண்ட்ராக்டர் சம்பளம் கொடுத்தார். எண்ணிப் பார்த்தால் 400. "அண்ணே, ஐந்நூறுன்னு சொன்னீங்க" என்றேன். "அதான் தாத்தா கொடுத்தாருல்ல? சேர்த்து ஐந்நூறு ஆயிடுச்சுல்ல தம்பி?" என்றார், சாதாரணமாக. யாரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டாரோ என்ற பயம்.

அன்றைக்கு அவரை ஏமாற்றுக்காரர் என்று திட்டினேன். தாத்தா எங்களுக்குத்தான் கொடுத்தார், போய்ச் சேர்ந்தது காண்ட்ராக்டருக்கு. பத்துக்கு நூறு, ஆயிரம் ரூபாய் மிச்சம் அவருக்கு. அவர் செய்ததும் அமெரிக்கச் சட்டத்தில் எழுதியிருப்பதும் ஒரே கணக்குதான். இங்கே சொன்ன பேச்சை மீறிச் செய்தார், அங்கே சட்டப்படிச் செய்கிறார்கள்.

நல்ல வேலைக்கு நல்ல டிப்ஸா?

'நன்றாகக் கவனித்தால் அதிகம் கிடைக்கும், அதனால் நன்றாகக் கவனிப்பார்கள்' என்பது டிப்ஸுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முக்கியமான வாதம். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின் பல வருடங்களாக இதையே ஆராய்ந்தவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸ் தொகைக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது என்று அவர் கண்டார். பில் எவ்வளவு என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 2008-ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஓட்டலில் கறுப்பின சர்வர்களுக்கு வெள்ளைக்கார சர்வர்களைவிடக் குறைவாக டிப்ஸ் கிடைத்தது தெரிந்தது. சம்பளத்தை முதலாளி நிறம் பார்த்துக் கொடுத்தால் வழக்குப் போடலாம். வாடிக்கையாளர் மேல் யார் வழக்குப் போடுவது?

அப்படியானால் ஒழித்துவிடலாமா?

அவ்வளவு சுலபமில்லை. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப் கிரெடிட் கிடையாது. முழுக் கூலியை முதலாளி கொடுக்க வேண்டும், டிப்ஸ் தனி. அங்கேயும் ஓட்டல்கள் நடக்கத்தான் செய்கின்றன.

ஆனால் நியூயார்க்கில் டேனி மேயர் என்ற பிரபல ஓட்டல் முதலாளி 2015-ல் டிப்ஸே வேண்டாம் என்று அறிவித்து, விலையை ஏற்றிச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தார். நல்ல டிப்ஸ் பார்த்த சர்வர்கள் வருமானம் குறைகிறது என்று விலகினார்கள். பக்கத்து ஓட்டலைவிட விலை அதிகமாகத் தெரிந்தது. 2020-ல் அவரே திட்டத்தைக் கைவிட்டார். தலைநகர் வாஷிங்டனில் டிப் கிரெடிட்டை நீக்க 2018-ல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள், நகரவை அதை ரத்து செய்தது. 2022-ல் மறுபடி ஓட்டுப் போட்டார்கள், 2025-ல் நகரவை அதையும் நீர்க்கச் செய்தது. பெரிய ஓட்டலில் வெள்ளி, சனி இரவு வேலை செய்பவருக்கு டிப்ஸ் பொன்முட்டை. சின்ன ஊரில் செவ்வாய்க்கிழமை மதியம் காபி ஊற்றுபவருக்கு அது வெறும் 2.13-க்கான சாக்கு. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்துத்தான் எல்லோரும் வாதாடுகிறார்கள்.

பிரான்சில் 1987 முதல் மெனுவில் போட்டிருக்கும் விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். அதற்கு மேல் சில்லறை வைப்பது உங்கள் இஷ்டம். எனக்கு இந்த முறைதான் நேர்மையாகத் தெரிகிறது. நம் நாட்டிலும் சேவைக் கட்டணத்தைப் பில்லில் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதைச் சரி என்றது. ஆனால் அந்த விவாதம் முழுக்க வாடிக்கையாளர் உரிமை பற்றியே நடந்தது. தட்டு எடுத்து வைப்பவரின் சம்பளம் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அங்கே போகிறவர்களுக்கு

மேற்படிப்புக்கு அமெரிக்கா போகும் நண்பர்களுக்கு நான் தெரிந்துகொண்டது இது. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் வரிக்கு முந்தைய தொகையில் 15 முதல் 20 சதவீதம் வழக்கம். 1922-ல் எமிலி போஸ்ட் நாகரிகப் புத்தகம் எழுதிய காலத்தில் 10 சதவீதம் போதுமாக இருந்தது! கவுன்டரில் நீங்களே வாங்கிக் கொண்டால் கட்டாயமில்லை. பெரிய குழுவாகப் போனால் பில்லிலேயே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துக் கொள்ளுங்கள். சமையல் சரியில்லை என்றால் மேனேஜரிடம் சொல்லுங்கள், சர்வர் டிப்ஸில் கை வைக்காதீர்கள். பல ஓட்டல்களில் அவர் வாங்கும் டிப்ஸிலிருந்து மேசை துடைப்பவருக்கும் பாரில் நிற்பவருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். அந்தப் பங்கை விற்பனைத் தொகையை வைத்துக் கணக்கிடும் இடங்களும் உண்டு. அங்கே நீங்கள் ஒன்றும் வைக்காமல் போனால் அவர் தன் கையிலிருந்துதான் கொடுக்கிறார்.

'அப்போ இந்த முறை தப்பு என்று சொல்லிவிட்டு டிப்ஸ் கொடுக்கச் சொல்கிறாயே?' என்று கேட்கலாம். முறை தப்புதான். ஆனால் நான் காசு வைக்காமல் எழுந்து வந்தால் முறை மாறாது, அந்தப் பெண்ணின் அன்றைய வருமானம்தான் மாறும். அத்தானும் இதையேதான் சொன்னார். அன்றைக்கு அவள் கேட்ட பிறகு திரும்பிப் போய் மேசையில் இன்னும் பத்து டாலர் வைத்துவிட்டு வந்தாராம்.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த முகூர்த்தத்துக்குக் காண்ட்ராக்டர் கூப்பிட்டால், தேங்காய் உடைப்பதற்கு முன்பே கேட்டுவிடுவேன்: "அண்ணே, ஐந்நூறுங்கிறது உங்க காசா, தாத்தா காசையும் சேர்த்தா?"

கூப்பிடுவாரா என்று பார்ப்போம் :-)